அணையா, பள்ளத்தாக்கா? திட்ட அறிக்கையின் கழிவு வீதத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை

ஆற்றின் குறுக்கே அணை கட்டவோ, காட்டு நிலத்தில் சுரங்கம் தோண்டவோ, சதுப்பு நிலத்தை மேடாக்கவோ அனுமதி கோரும் திட்ட அறிக்கைகளில் ‘செலவு–பயன் பகுப்பாய்வு’ என்ற தலைப்பில் ஓரிரு பக்கங்கள் இருக்கும். அவற்றில், பெரும்பாலும் ஓர் அட்டவணையின் அடியில், கழிவு வீதம் (டிஸ்கவுண்ட் ரேட்) இத்தனை விழுக்காடு என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் மற்ற எண்களைப் படிப்பதில் பயன் அதிகம் இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் செல்பவர்களும், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களும், சூழலியல் பொருளியலைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களும் அந்த வரியை எப்படிப் பிடித்துச் சோதிப்பது என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. பிளஸ் டூ அளவிலான கூட்டு வட்டிக் கணக்கு தெரிந்தால் போதும்.

கழிவு வீதம் செய்யும் வேலை, வருங்காலத்தில் கிடைக்கும் பயனை இன்றைய மதிப்புக்குச் சுருக்குவதாகும். நூறு ஆண்டுகள் கழித்து 1 கோடி ரூபாய் மதிப்புள்ள பயன் ஒன்று கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 726 ரூபாய். 5 விழுக்காட்டில் அது ஏறத்தாழ 76,000 ரூபாய், 3 விழுக்காட்டில் 5.2 லட்சம், 1.4 விழுக்காட்டில் கிட்டத்தட்ட 25 லட்சம். பயனும் காலமும் மாறவில்லை; வீதம் மட்டுமே மாறியது. பேரப்பிள்ளைகளின் காலத்தில் ஒரு காடு தரப்போகும் நீரும் நிழலும் இன்றைய கணக்கில் இடம்பெறுமா என்பதைத் தீர்மானிப்பதில் இந்த ஓர் எண்ணுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இதைப் பார்த்தவுடன், வீதத்தைக் குறைத்தால் இயற்கை பிழைத்துவிடும் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பல நேரங்களில் தவறானது. எந்த இடத்தில் அது தவறு, எந்த இடத்தில் சரி என்று பிரித்தறிவதுதான் இந்தச் சோதனையின் மையம் என்பதால், கணக்கைப் போட்டுக் காட்டியபின் அதற்கு வருகிறேன்.

வீதம் எந்த வகையைச் சேர்ந்தது?

முதல் வேலை, அறிக்கையில் உள்ள வீதம் பணவீக்கத்தை உள்ளடக்கியதா, நீக்கியதா என்று பார்ப்பது. வங்கிக் கடனுக்கான 12 விழுக்காடு வட்டி பணவீக்கத்தை உள்ளடக்கியது. பணவீக்கம் 5 விழுக்காடு என்றால், 1.12ஐ 1.05ஆல் வகுக்க, உண்மை வீதம் சுமார் 6.7 விழுக்காடு என்று கிடைக்கும். வருங்காலப் பயன்கள் எல்லாம் இன்றைய விலையிலேயே எழுதப்பட்டிருந்தால், அவற்றுக்கு உண்மை வீதத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்படியின்றி இன்றைய விலையில் எழுதிய பயனை 12 விழுக்காட்டால் சுருக்கினால், பணவீக்கம் இரண்டு முறை கழிக்கப்பட்டுவிடுகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 1 கோடி ரூபாய்ப் பயன், சரியான கணக்கில் ஏறத்தாழ 4 லட்சமாக இருக்க வேண்டியது, இந்தப் பிழையால் 34,600 ரூபாயாகிவிடும். இது கொள்கை வேறுபாடு அன்று; வெறும் கணக்குப் பிழை. எனவே சுட்டிக்காட்டுவதும் எளிது, மறுப்பது கடினம்.

எக்செலில் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிகர இன்றைய மதிப்பைக் கணக்கிடும் அதன் ‘என்பிவி’ சூத்திரம் தனக்குக் கொடுக்கப்படும் முதல் எண்ணை முதலாம் ஆண்டின் இறுதியில் வருவதாக எடுத்துக்கொள்கிறது. இன்றே செய்யப்படும் முதலீட்டை அந்த வரிசைக்குள் சேர்த்தால் எல்லாத் தொகைகளும் ஓராண்டு பின்னே தள்ளிப்போகும். முதலீட்டைச் சூத்திரத்துக்கு வெளியே தனியாகக் கழிக்க வேண்டும்.

இரண்டு வரிசைகளை எழுதுங்கள்

அறிக்கைகள் பெரும்பாலும் திட்டத்தின் வரவையும் செலவையும் மட்டும் ஒரே வரிசையில் எழுதி முடித்துவிடும். நீங்கள் ஒரு தாளிலோ எக்செலிலோ இரண்டு வரிசைகளைத் திறக்க வேண்டும். ஒன்றில் திட்டம் நடந்தால் ஆண்டுதோறும் கிடைப்பது. மற்றொன்றில் அந்த இடம் அப்படியே இருந்தால் ஆண்டுதோறும் கிடைப்பது. அந்த இடத்தை இழப்பது திட்டத்தின் செலவுகளுள் ஒன்று என்பதால், இரண்டாம் வரிசையின் மொத்தத்தைவிட முதல் வரிசையின் நிகர மதிப்பு அதிகமாக இருந்தால் மட்டுமே திட்டம் பொருளாதார வகையில் தேறும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். அணைக்கு இன்று 1,000 கோடி ரூபாய் செலவாகும். பிறகு 50 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 100 கோடி நிகரப் பயன் தரும். பள்ளத்தாக்கு அப்படியே இருந்தால் மீன்வளம், நீர்வரத்து, சுற்றுலா, கரையோர மக்களின் வாழ்வாதாரம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 20 கோடி தரும்; அதற்கு முடிவாண்டு இல்லை. முடிவற்ற ஒரு வரிசையின் இன்றைய மதிப்பை அறிய, ஆண்டுப் பயனை வீதத்தால் வகுத்தால் போதும்.

வீதம் 10 விழுக்காடு என்றால் அணையின் நிகர மதிப்பு சுமார் 8.5 கோடி நட்டம். பள்ளத்தாக்கின் மதிப்பு 200 கோடி. வீதம் 8 விழுக்காடு என்றால் அணை 223 கோடி, பள்ளத்தாக்கு 250 கோடி. இப்போது வீதத்தை 4 விழுக்காடாகக் குறைத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கு 500 கோடியாக உயர்கிறது. ஆனால் அணை 1,148 கோடிக்குத் தாவிவிடுகிறது. இயற்கையின் நண்பன் என்று நாம் நினைத்த குறைந்த வீதம் அணையைத்தான் வெற்றிபெறச் செய்தது.

காரணம் எளிது. அணையின் செலவு முழுவதும் முன்னால் நிற்கிறது, பயன் நீண்ட காலத்துக்குப் பரவியிருக்கிறது. அத்தகைய திட்டத்துக்கு உயர்ந்த வீதம் பகை, குறைந்த வீதம் நட்பு. அமெரிக்காவில் 1950களிலும் 1960களிலும் கூட்டரசின் நீர்த்திட்டங்கள் 3 விழுக்காட்டை ஒட்டிய வீதங்களில் மதிப்பிடப்பட்டன. அந்தக் குறைந்த வீதத்தின் துணையால்தான் பல அணைகள் தாளில் இலாபம் காட்டின. பொருளியலாளர்கள் ஜான் குருட்டிலாவும் ஆட்டோ எக்ஸ்டைனும் 1958இலேயே, சமூகம் தன் மூலதனத்துக்கு உண்மையில் கொடுக்கும் விலை 5 முதல் 6 விழுக்காடு என்று வாதிட்டனர். அதை ஏற்றிருந்தால் அணைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

சுரங்கமும் மரம் வெட்டலும் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் வருமானம் முன்னால் வருகிறது. கழிவுநீர், இடிந்த சரிவு, வற்றிய ஊற்று ஆகியவற்றின் செலவு பின்னால் வருகிறது. ஒரு சுரங்கத்தை மூடிச் சீரமைக்க நாற்பதாம் ஆண்டில் 500 கோடி ஆகும் என்றால், 12 விழுக்காடு வீதத்தில் அது இன்றைய கணக்கில் 5.4 கோடியாகச் சுருங்கிவிடும். 3 விழுக்காட்டில் 153 கோடியாக நிற்கும். இங்கே குறைந்த வீதத்துக்காக வாதிடுவது சரியே. மெதுவாகப் பெருகும் உயிரினங்களின் நிலையும் இதுதான். கனடாவின் கணிதவியலாளர் காலின் கிளார்க் 1973இல் திமிங்கில வேட்டையைக் கொண்டு இதை நிறுவினார். ஓர் இனம் பெருகும் வேகத்தைவிடக் கழிவு வீதம் போதிய அளவு அதிகமாக இருந்தால், அத்தனையையும் உடனே பிடித்து விற்று, பணத்தை வேறிடத்தில் முதலிடுவதே ஓர் உரிமையாளருக்கு இலாபகரமாகிவிடும். ஆகவே எந்த வீதத்துக்காக வாதிடுவது என்று முடிவு செய்யுமுன், திட்டத்தின் செலவும் பயனும் கால வரிசையில் எங்கெங்கே நிற்கின்றன என்பதை வரைந்து பாருங்கள்.

ஹெல்ஸ் கேன்யன் கற்றுத்தந்த வழி

அப்படியானால் அணைக்கு எதிரில் பள்ளத்தாக்கு வெல்ல வழியே இல்லையா என்றால், உண்டு. அதைக் காட்டிய கணக்கு, அமெரிக்காவின் ஐடஹோ, ஆரிகன் மாநில எல்லையில் ஸ்னேக் ஆறு குடைந்துவைத்திருக்கும் ஹெல்ஸ் கேன்யனைப் பற்றியது. ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழமுள்ள அந்தப் பள்ளத்தாக்கில் ‘ஹை மவுண்டன் ஷீப்’ என்ற பேரணையைக் கட்ட, தனியார் மின் நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு 1964இல் கூட்டரசின் மின் ஆணையம் உரிமம் வழங்கியது. அணையை அரசே கட்ட வேண்டும் என்று உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் வழக்காடினார். 1967 ஜூனில் தீர்ப்பு எழுதிய அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், யார் கட்டுவது என்ற கேள்வியோடு நிற்கவில்லை; எந்த அணையும் கட்டாமல் விடுவதே பொதுநலனுக்கு உகந்ததா என்பதையும் ஆராயுமாறு வழக்கை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பினார். கட்டாமல் விடுவதையும் ஒரு தெரிவாக எடைபோட வேண்டிய கட்டாயம் அவ்வாறுதான் பிறந்தது.

அந்த எடையைப் போட்டவர்கள் ‘ரிசோர்சஸ் ஃபார் தி ஃபியூச்சர்’ ஆய்வு நிறுவனத்தின் குருட்டிலாவும், உடன் ஆய்ந்த ஆன்டனி ஃபிஷர், சார்லஸ் சிச்செட்டி ஆகியோரும். கழிவு வீதத்தை எது என்று வைத்துச் சண்டையிடுவதற்குப் பதிலாக, அவர்கள் இரண்டு வரிசைகளின் போக்கையே உற்றுப் பார்த்தார்கள். நீர்மின் அணையின் பயன் என்பது என்ன? அதே மின்சாரத்தை அனல்மின் நிலையம் முதலான வேறு வழியில் உண்டாக்க ஆகும் கூடுதல் செலவு மிச்சமாவதுதான். அந்த வேறு வழியின் தொழில்நுட்பம் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டு மலிவாகிக்கொண்டே போகும். அணையோ கட்டிய நாளின் தொழில்நுட்பத்தில் உறைந்து நிற்கும். எனவே அணை மிச்சப்படுத்தும் தொகை காலப்போக்கில் சுருங்குகிறது. பள்ளத்தாக்கின் நிலை வேறு. அதைப் போல இன்னொன்றை எந்தத் தொழிற்சாலையும் செய்ய முடியாது. மக்கள்தொகையும் வருமானமும் கூடக் கூட அதை நாடுவோர் கூடுவார்கள்; அதன் அளவு மட்டும் அப்படியே இருக்கும். எனவே அது தரும் பயனின் மதிப்பு மற்றப் பொருள்களோடு ஒப்பிட உயர்ந்துகொண்டே போகிறது.

இதைக் கணக்கில் நுழைக்கும் முறையும் நேரடியானது. பயன் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட வீதத்தில் வளர்ந்தால், கழிவு வீதத்திலிருந்து அந்த வளர்ச்சி வீதத்தைக் கழித்து, எஞ்சியதால் வகுக்க வேண்டும். 8 விழுக்காடு கழிவு வீதமும் 3 விழுக்காடு வளர்ச்சியும் இருந்தால் பள்ளத்தாக்கு உண்மையில் 5 விழுக்காட்டால்தான் சுருக்கப்படுகிறது. ஆண்டுக்கு 2 விழுக்காடு தேயும் அணைப் பயன் 10 விழுக்காட்டால் சுருக்கப்படுகிறது. ஒரே நாடு, ஒரே கழிவு வீதம். ஆயினும் இரண்டு வரிசைகளுக்கும் நடைமுறையில் இரண்டு வீதங்கள்.

ஹெல்ஸ் கேன்யனுக்கு 8 முதல் 10 விழுக்காடு வரையிலான கழிவு வீதங்களை வைத்து அவர்கள் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார்கள். பள்ளத்தாக்கின் விலை என்ன என்று கேட்காமல், அணையை விஞ்சுவதற்குப் பள்ளத்தாக்கு முதலாண்டில் குறைந்தது எவ்வளவு பயன் தந்தாக வேண்டும் என்று கேட்டார்கள். மேற்சொன்ன இரண்டு போக்குகளையும் சேர்த்தபோது, விடை சுமார் 80,000 டாலர் என்று வந்தது. மீன்பிடித்தல், வேட்டை, படகுப் பயணம் என அளக்கக்கூடிய பயன்கள் மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் டாலர் இருந்தன. அளக்க முடியாதவற்றுக்கு விலை வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. 1975இன் கடைசி நாளில் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தால் ஹெல்ஸ் கேன்யன் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி உருவானது. அந்த அணை கட்டப்படவே இல்லை. ஒரு கணக்கு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். மக்கள் எதிர்ப்பும் நாடாளுமன்ற அரசியலும் பெரும்பங்கு ஆற்றின. ஆனால் பாதுகாப்பு கோரியவர்கள் உணர்ச்சியால் பேசுகிறார்கள் என்ற பழியை அந்தக் கணக்கு நீக்கியது.

நம் கற்பனைப் பள்ளத்தாக்குக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 4 விழுக்காடு வீதத்தில் அணை 1,148 கோடி, பள்ளத்தாக்கு 500 கோடி என்று தோற்றோம். பள்ளத்தாக்கின் பயன் என்றென்றும் 3 விழுக்காடு வளரும் என்று வைத்தால் அதன் மதிப்பு 2,000 கோடியாகிறது. ஆனால் இப்படி எழுத வேண்டாம் என்பதே என் அறிவுரை. எந்த இடத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. கூட்டம் பெருகினால் அனுபவமும் கெடும், இடமும் கெடும். வளர்ச்சியை முடிவின்றி நீட்டினால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் முழுக் கணக்கையும் சாய்த்துவிடும். குருட்டிலா குழுவினரும் வளர்ச்சி வீதம் காலப்போக்கில் தணிவதாகத்தான் வைத்தார்கள். முதல் 40 ஆண்டுகளுக்கு மட்டும் 3 விழுக்காடு, பிறகு வளர்ச்சி இல்லை என்று வைத்தால் பள்ளத்தாக்கு சுமார் 971 கோடி. அணையின் பயன் ஆண்டுக்கு 2 விழுக்காடு தேய்வதாக வைத்தால் அதன் நிகர மதிப்பு 581 கோடி. அடக்கமான அனுமானங்களோடும், அணைக்குச் சாதகமான 4 விழுக்காட்டிலும், பள்ளத்தாக்கு வெல்கிறது.

வளர்ச்சி வீதத்தையும் தேய்மான வீதத்தையும் எங்கிருந்து எடுப்பது?

இதுதான் உழைப்பு மிகுந்த பகுதி. பள்ளத்தாக்கின் வரிசைக்கு, அந்த இடத்துக்கோ அதையொத்த இடங்களுக்கோ வந்துபோவோரின் பல ஆண்டு எண்ணிக்கை, மாநிலத்தின் தனிநபர் வருமான உயர்வு, அதேபோன்ற நிலப்பரப்பு அந்த வட்டாரத்தில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்ற விவரம் ஆகிய மூன்றையும் திரட்டுங்கள். வனத்துறையிடமும் சுற்றுலாத் துறையிடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். பயன்கள் அனைத்தையும் ஒரே வீதத்தில் வளர்க்க வேண்டாம். கரையோர மீன்பிடிப்பு வருமானத்துக்கு வளர்ச்சி இல்லாமலேகூட இருக்கலாம். வறட்சிக் காலத்தில் காடு தக்கவைக்கும் நீரின் மதிப்போ, கீழ்ப்பகுதியில் நகரம் பெருகப் பெருக வேகமாக உயரும்.

தேய்மானத்துக்கு மாற்று வழியின் விலை வரலாற்றைப் பாருங்கள். இந்தியாவில் சூரிய மின்சாரத்தின் ஏல விலை 2017இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் முதலாண்டுக்கு யூனிட் 2.97 ரூபாயாக இருந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99 ரூபாய்க்கு இறங்கியது. அன்று அனல்மின் செலவை அளவுகோலாக வைத்து எழுதப்பட்ட ஓர் அணை அறிக்கையின் பயன், இந்த விலையின் முன் எவ்வளவு சுருங்கும் என்று கேட்பது நியாயம்.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் எழுத வேண்டும். மாற்று வழி எப்போதும் மலிவாகிக்கொண்டே போகும் என்பதற்கு உறுதி கிடையாது. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் எரிபொருள் விலை எகிறியபோது அந்த அனுமானமே ஆட்டம் கண்டது. நிலக்கரி எரிப்பதால் வெளியாகும் கரிம வாயுவின் கேட்டுக்கு வைக்கும் விலையைச் சேர்த்தால் நீர்மின்சாரத்தின் மிச்சம் கூடும். மாலை உச்சநேர மின்சாரத்துக்குப் பகல் சூரிய விலையை ஒப்பிடுவதும் தவறு. மின்கலச் சேமிப்பின் விலையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். இவற்றை நீங்களே எழுதிவிட்டால் உங்கள் கணக்கின் நம்பகத்தன்மை கூடும்.

எந்த வீதத்தை ஏற்பது?

இரண்டு வரிசைகளையும் சரியாக எழுதிய பிறகே இந்தக் கேள்வி பொருளுள்ளதாகிறது. பிரிட்டன் கணிதவியலாளர் ஃபிராங்க் ராம்சே 1928இல் அமைத்த வழி இன்றும் அடிப்படையாக இருக்கிறது. சமூகத்தின் கழிவு வீதம் இரண்டு கூறுகளால் ஆனது. ஒன்று, பின்னால் பிறப்பவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அவர்களின் நலனைக் குறைத்து மதிக்கும் வீதம். மற்றொன்று, அவர்கள் நம்மைவிடச் செல்வர்களாக இருப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரு கூடுதல் ரூபாயின் அருமை குறைவு என்ற கணிப்பு. முதல் கூற்றுக்கு அறநெறியில் இடமே இல்லை என்பது ராம்சேயின் உறுதியான கருத்து. எனக்கும் அதில் மாற்றமில்லை. பிரிட்டன் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் காலநிலை குறித்த தம் அறிக்கையில் முதல் கூற்றை 0.1 விழுக்காடாகவும், இரண்டாம் கூற்றுக்கு அடிப்படையான பொருளாதார வளர்ச்சியை 1.3 விழுக்காடாகவும் வைத்து, மொத்தம் 1.4 விழுக்காட்டுக்கு வந்தார். சந்தையில் நிலவும் வருவாயையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நார்தாஸ் 4 விழுக்காட்டுக்கும் மேலான வீதங்களைப் பயன்படுத்தினார். இருவரின் காலநிலைப் பரிந்துரைகளுக்கும் இடையிலான தூரத்தின் பெரும்பகுதி இந்த ஓர் எண்ணிலிருந்தே வந்தது.

இரண்டாம் கூற்றில் ஒரு நுட்பம் உண்டு. வருங்காலத்தவர் செல்வர்களாக இருப்பார்கள் என்பது தொலைக்காட்சி, கார், வீடு ஆகியவற்றில் உண்மையாக இருக்கலாம். தூய ஆறுகளிலும் அடர்காடுகளிலும் அவர்கள் நம்மைவிட ஏழைகளாகவே இருப்பார்கள். ஆகவே பொருள் வளத்துக்கான வீதத்தை இயற்கைக்கும் அப்படியே பொருத்துவது, அந்தக் கூற்றின் தர்க்கத்துக்கே முரணானது. பள்ளத்தாக்கின் பயனுக்கு வளர்ச்சி வீதம் கொடுப்பதற்கான ஆழமான நியாயமும் இதுவே.

நிறுவனங்கள் நடைமுறையில் பயன்படுத்தும் வீதங்களை அறிந்துவைத்துக்கொள்வது வாதத்துக்கு உதவும். பிரிட்டன் அரசின் ‘கிரீன் புக்’ வழிகாட்டி 2003 முதல் முதல் 30 ஆண்டுகளுக்கு 3.5 விழுக்காடு, அதன்பின் 75ஆம் ஆண்டு வரை 3 விழுக்காடு என்று படிப்படியாக இறங்கி, 300 ஆண்டுகளுக்கு அப்பால் 1 விழுக்காட்டில் நிற்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கி நெடுங்காலம் 12 விழுக்காட்டைப் பயன்படுத்திவிட்டு, 2017இல் அதை 9 விழுக்காடாகவும், சுற்றுச்சூழல் பயன் சார்ந்த திட்டங்களுக்கு 6 விழுக்காடாகவும் குறைத்தது. உங்கள் கையிலுள்ள அறிக்கை 12 விழுக்காடு என்று சொன்னால், அந்த எண் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்க இவை போதிய ஆதாரம்.

காலம் நீள நீள வீதம் இறங்குவது ஏன் என்பதை பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1998இல் விளக்கினார். சரியான வீதம் 1 விழுக்காடா, 7 விழுக்காடா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைப்போம். சராசரியாக 4 விழுக்காட்டை எடுத்துவிடத் தோன்றும். நூறு ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு ரூபாய் 4 விழுக்காட்டில் 2 பைசா. ஆனால் சராசரி எடுக்க வேண்டியது வீதங்களுக்கு அன்று, அவற்றால் கிடைக்கும் இன்றைய மதிப்புகளுக்கு. 1 விழுக்காட்டில் அது 37 பைசா, 7 விழுக்காட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பைசா, சராசரி 18.5 பைசா. அதற்கு இணையான வீதம் 1.7 விழுக்காடு மட்டுமே. வீதம் எதுவென்ற நிச்சயமின்மையே நெடுங்காலத்துக்குக் குறைந்த வீதத்தை நோக்கித் தள்ளுகிறது. நிபுணர்களே உடன்படாத எண் என்று யாராவது சொன்னால், அதையே உங்கள் பக்க ஆதாரமாக்கிக்கொள்ளலாம்.

மீட்க முடியாததைத் தனியாக எழுதுங்கள்

அணையை இன்று கட்டாமல் பத்தாண்டு கழித்துக் கட்டலாம். நீரில் மூழ்கிய பள்ளத்தாக்கைப் பத்தாண்டு கழித்து மீட்க முடியாது. பொருளியலாளர் கென்னத் ஆரோவும், ஹெல்ஸ் கேன்யன் ஆய்வில் பங்கேற்ற ஃபிஷரும் 1974இல் எழுதிய கட்டுரை, இந்தச் சமமின்மைக்குக் கணக்கில் தனி மதிப்பு உண்டு என்று நிறுவியது. புதிய தகவல் வரும் வாய்ப்பு இருக்கும்போது, பின்வாங்க முடியாத முடிவைத் தள்ளிவைப்பதே ஒரு பயன்.

இதை எளிதாகச் சோதிக்கலாம். 8 விழுக்காட்டில் நம் அணையின் நிகர மதிப்பு 223 கோடி. பத்தாண்டு தள்ளிவைத்தால் அது இன்றைய மதிப்பில் 103 கோடியாகும்; காத்திருப்பின் விலை 120 கோடி. அந்தப் பத்தாண்டில் பள்ளத்தாக்கு தரும் 20 கோடிகளின் இன்றைய மதிப்பு, வளர்ச்சி எதுவும் இல்லாமலே, 134 கோடி. காத்திருப்பதே இலாபம். இதற்கிடையே வரும் உயிரியல் ஆய்வு, மாறும் மின்விலை, மாறும் மழைப்பொழிவு ஆகியவற்றின் தகவல் மதிப்பு இந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. அணைக்கு 50 ஆண்டுக் கணக்கு முடிந்த பின்னும் வண்டல் நிறைந்த நீர்த்தேக்கமே எஞ்சும், பள்ளத்தாக்கு திரும்பாது என்பதையும், அணையை அகற்றும் செலவு பெரும்பாலான அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை என்பதையும் குறித்துவையுங்கள்.

கொடுக்கப்பட்ட தொகையைப் பின்னோக்கிப் படிப்பது

இந்தியாவில் காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர் அதன் ‘நிகர இன்றைய மதிப்பை’ அரசுக்குச் செலுத்த வேண்டும். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, உச்சநீதிமன்றம் 2002இல் இந்த முறையைக் கொண்டுவந்தது. 2008 மார்ச்சில் காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை நிர்ணயித்தது; சரணாலயங்களுக்கு அதைப் போல ஐந்து மடங்கு, தேசியப் பூங்காக்களுக்குப் பத்து மடங்கு.

இத்தகைய தொகை கண்ணில் பட்டால் அதைக் கழிவு வீதத்தால் பெருக்கிப் பாருங்கள். அந்தக் காடு ஆண்டுதோறும் எவ்வளவு தருவதாக அந்தத் தொகை ஒப்புக்கொள்கிறது என்பது வெளிப்படும். மிக அடர்ந்த காட்டுக்கு 2008இல் வைத்த 10.43 லட்சம், 5 விழுக்காட்டில், ஆண்டுக்கு 52,150 ரூபாய்க்குச் சமம். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர் என்பதால், ஒரு சதுர மீட்டர் அடர்காடு ஓராண்டு முழுவதும் தரும் நீர், மண் காப்பு, கரிமச் சேமிப்பு, உயிரினப் புகலிடம் அத்தனைக்கும் 5 ரூபாய் 20 பைசா. அந்தப் பயன் 3 விழுக்காடு வளரக்கூடியது என்று வைத்தால், இதே 10.43 லட்சம் முதலாண்டுப் பயனாக 20,860 ரூபாயை மட்டுமே ஒப்புக்கொண்டதாகும், அதாவது சதுர மீட்டருக்கு 2 ரூபாய் 10 பைசா. இந்த அளவில் சொன்னால், லட்சக்கணக்கில் பேசும்போது புலப்படாத குறை யாருக்கும் புலப்படும்.

கூட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடைபெறும் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் வாய்மொழியாகப் பேசுவதோடு எழுத்து வடிவிலும் கருத்துத் தரலாம். எழுதித் தருவதையே வலியுறுத்துவேன். பேச்சு சுருக்கமாகப் பதிவாகிவிடும், கணக்கு அட்டவணை அப்படியே இணைக்கப்படும். ஒரே ஒரு பக்கம் போதும். பயன்படுத்தப்பட்ட வீதம் பணவீக்கம் நீக்கியதா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். அந்த இடத்தை அப்படியே விட்டால் கிடைக்கும் பயன்களின் வரிசை எங்கே என்பது இரண்டாவது. மாற்று வழியின் விலை இறங்கினால் திட்டத்தின் பயன் என்னவாகும் என்பதை அடுத்ததாக வையுங்கள். பத்தாண்டு தள்ளிவைப்பதன் நிகர விளைவைக் கணக்கிட்டார்களா என்பதையும் கேளுங்கள்.

அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் 4, 8, 12 ஆகிய மூன்று வீதங்களிலும் உங்கள் இரண்டு வரிசைகளின் மொத்தங்களை எழுதுங்கள். உங்களுக்குப் பாதகமான வீதத்தின் விடையையும் மறைக்காமல் எழுதுங்கள். மூன்றிலும் பள்ளத்தாக்கு வென்றால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. ஏதேனும் ஒன்றில் தோற்றால், பள்ளத்தாக்கின் பயன் எந்த வளர்ச்சி வீதத்தில் அணையை எட்டிப் பிடிக்கிறது என்ற எண்ணைக் கண்டுபிடித்து அதனருகில் குறியுங்கள். அதன்பின், அந்த வளர்ச்சி நடக்காது என்று நிறுவ வேண்டிய பொறுப்பு அனுமதி கேட்பவருடையதாகிறது.